‘மருந்துக்கு விடை கொடுங்கள்’: ஒரு கலைக் கல்லூரி விளம்பரத் திட்டம் பாதியில் திசை மாறிய கதை

சென்னையில் ஒரு கலை, வடிவமைப்புக் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்கள் மூன்று பேர் செய்த விளம்பரத் திட்டத்தின் பதிவு இது. கல்லூரி, மாணவர்கள், பொருளைத் தயாரித்த மகளிர் குழு, கடைகள் எதற்கும் இங்கே பெயர் கிடையாது. திட்டத்துக்கு வழிகாட்டிய ஆசிரியர்களில் நானும் ஒருவன். கற்பிக்க வருவதற்கு முன்னால் விளம்பர நிறுவனத்தில் ஆர்ட் டைரக்டராக இருந்தவன் என்பதால், படத்தைவிட ‘இது வேலை செய்யுமா’ என்ற கேள்விதான் எனக்கு முதலில் வரும். அந்தச் சாய்வு இந்தப் பதிவிலும் தெரியும்.

பின்னணி

நம் ஊரில் விளம்பரம் படிப்பதற்கு இரண்டு வாசல்கள். ஒன்று, கலை அறிவியல் கல்லூரிகளின் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்), இதழியல் துறைகள். மற்றொன்று ஓவியக் கல்லூரி. சென்னையில் 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப் பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. மும்பை ஜே.ஜே. கலைப் பள்ளியில் வணிகக் கலைக்குத் தனிப் பிரிவு 1935-இல் வந்தது. கமர்ஷியல் ஆர்ட் என்று தொடங்கிய பாடம் அப்புறம் பயன்பாட்டுக் கலை ஆகி, இப்போது பல இடங்களில் காட்சித் தொடர்பு வடிவமைப்பு என்ற பெயரில் நடக்கிறது. பெயர் எதுவானாலும் சேர்க்கை ஒன்றுதான்: வரையத் தெரிந்த பிள்ளைகள் வருகிறார்கள். நுழைவுத் தேர்வில் பென்சிலும் வண்ணமும்தான் பேசும்.

இதில் ஒரு குறை உள்ளேயே இருக்கிறது. விளம்பர நிறுவனத்தில் ஒரு விளம்பரத்தை இரண்டு பேர் சேர்ந்து யோசிக்கிறார்கள். எழுதுபவர் ஒருவர், காட்சியைப் பார்த்துக்கொள்பவர் இன்னொருவர். ஒரு காலத்தில் எழுதுபவர் எழுதி முடித்து, தாளை ஓவிய அறைக்கு அனுப்பிவிடுவார். நியூயார்க்கில் 1949-இல் தொடங்கிய டாயில் டேன் பெர்ன்பாக் நிறுவனத்தில் பில் பெர்ன்பாக் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்தார். உலகம் முழுக்க நிறுவனங்கள் அந்த முறைக்கு மாறின. ஓவியக் கல்லூரியில் அந்த ஜோடியில் ஒருவர்தான் இருக்கிறார். எங்கள் மாணவர்களின் லேஅவுட்டில் படம் இருக்கும், லோகோ இருக்கும், எழுத்து வரவேண்டிய இடத்தில் ‘லோரெம் இப்சம்’ என்று பொருளற்ற லத்தீன் நிரப்பி இருக்கும். தமிழ் விளம்பரம் என்றால் எந்தத் தளத்திலிருந்தோ ஒரு பத்தியை எடுத்து ஒட்டியிருப்பார்கள். வாசகம் கடைசி வாரத்து வேலை.

திட்டமும் தரப்பினரும்

2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. கடைகளில் எங்கே பார்த்தாலும் வரகும் தினையும்தான். அந்த ஆண்டு இறுதியாண்டு வகுப்புக்கு ‘சிறு உற்பத்தியாளர் ஒருவருக்கு முழு விளம்பரத் திட்டம்’ என்று தலைப்பு கொடுத்தோம். கற்பனைப் பொருளுக்கு விளம்பரம் செய்யும் பழக்கத்தை உடைப்பதுதான் நோக்கம். கற்பனைக் குளிர்பானம் யாரிடமும் கேள்வி கேட்காது.

நம் மூவர் எடுத்துக்கொண்டது ஜவ்வாது மலையில் சாமை விற்கும் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவை. அந்த மலையில் சாமை பழைய பயிர். குழு அதை உமி நீக்கி அரிசியாகவும், மற்ற தானியம் பருப்புகளோடு வறுத்து அரைத்துச் சத்துமாவாகவும் விற்கிறது. கண்காட்சிகளிலும் சென்னையில் சில இயற்கை அங்காடிகளிலும் பாக்கெட்டுகள் கிடைக்கும். அவர்கள் கேட்டது மூன்று: பாக்கெட்டுக்குப் புது ஸ்டிக்கர், கடையில் ஒட்ட ஒரு போஸ்டர், செல்போனில் அனுப்ப ஒரு சின்ன வீடியோ.

மாணவர்களில் ஒரு பெண் படம் வரைவதில் வகுப்பிலேயே முதல் ஆள். காவிரிக் கரைக்காரர், செடி கொடி தானியம் என்றால் கை தானாக ஓடும். இன்னொருவர் சுவர் விளம்பரம் எழுதும் குடும்பத்துப் பையன். ஃபிளெக்ஸ் வந்த பிறகு அவருடைய அப்பாவுக்கு வேலை குறைந்தது, ஆனால் தூரிகைப் பிடி மகனுக்கு வந்துவிட்டது. மூன்றாமவர் கணினியில் கெட்டி, பேச்சில் சுருக்கம்.

முதல் வடிவம்

மூன்றாவது வாரத்தில் முதல் வடிவம் வந்தது. கறுப்புப் பின்னணி. நடுவில் ஊசி மருந்துக் குழாய் ஒன்று. ஊசி இருக்கவேண்டிய இடத்திலிருந்து ஒரு சாமைக் கதிர் வளைந்து வெளியே வருகிறது. அதன் ஒவ்வொரு மணியிலும் ஒளி. மேலே கையெழுத்து போன்ற பெரிய எழுத்தில்: ‘மருந்துக்கு விடை கொடுங்கள்.’ கீழே சிறிதாக, சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, புற்றுநோய்க்கு இயற்கையின் பதில்.

அறையில் இருந்த எல்லோருக்கும் பிடித்தது. எனக்கும்தான். ஒரே பார்வையில் புரிகிறது, இரண்டு பொருள்கள் ஒன்றாகி மூன்றாவது பொருள் பிறக்கிறது, எழுத்தும் படமும் ஒன்றையொன்று தாங்குகின்றன. பாடமாகச் சொல்லிக்கொடுப்பவை அத்தனையும் அதில் இருந்தன. சக ஆசிரியர் ஒருவர் அதை மாணவர் விருதுப் போட்டிக்கு அனுப்பலாம் என்றார்.

நான் கேட்டது வழக்கமான கேள்விதான்.

“இந்த வரிக்கு ஆதாரம் என்னம்மா?”

“பாக்கெட்லயே போட்டிருக்கு சார்.”

“பாக்கெட்ல யாரு போட்டாங்க?”

“அவங்கதான்...”

பழைய ஸ்டிக்கரை எடுத்துப் பார்த்தோம். சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும், கொதிப்பைக் குறைக்கும், புற்றுநோயைத் தடுக்கும், மூட்டுவலி போக்கும், குழந்தைப் பேறு தரும் என்று வரிசையாக ஒன்பது பலன்கள். ஸ்டிக்கர் அடித்த அச்சகக்காரர் வேறொரு நிறுவனத்தின் பாக்கெட்டைப் பார்த்துப் போட்டுக்கொடுத்தது என்று பிறகு தெரிந்தது. மாணவர்கள் புதிதாக எதையும் இட்டுக்கட்டவில்லை. கையில் கிடைத்ததை அழகாக்கினார்கள், அவ்வளவுதான்.

கவனித்தவை

அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும் முன் இரண்டு வேலைகள் கொடுத்தோம். ஒருவர் சட்டத்தைப் படிக்க வேண்டும். மற்ற இருவரும் கடையில் போய் நிற்க வேண்டும்.

சட்டம் படித்தவர் கணினிக்காரர். அவர் கொண்டுவந்த குறிப்பு ஒரே தாள், ஆனால் கனமான தாள். ஒரு நோயைத் தடுக்கும், தணிக்கும், குணமாக்கும் என்று உணவுப் பொருளுக்கு உரிமை கோரக் கூடாது என்கின்றன உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிகள். தனியாக அனுமதிக்கப்பட்டவை மட்டுமே விலக்கு. உணவு பற்றித் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டம் ஒன்று இருக்கிறது. குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களை அதன் அட்டவணை பட்டியலிடுகிறது. சர்க்கரை நோய், புற்றுநோய், இரத்தக் கொதிப்பு மூன்றும் அதில் உண்டு. நம் பொருள் உணவுதானே என்று ஒதுங்க முடியாது. நோய் தீர்ப்பதற்காக என்று சொல்லி விற்கும் எந்தப் பொருளும் அந்தச் சட்டத்தில் மருந்து என்ற வரையறைக்குள் விழ வாய்ப்பு இருக்கிறது. இவை போக 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அதன் கீழ் 2022-இல் வந்த வழிகாட்டு நெறிகள், 1985-இல் விளம்பரத் துறையே தனக்காக அமைத்துக்கொண்ட விளம்பரத் தர மன்றத்தின் நெறிமுறை. எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: சொல்வதை நிரூபிக்கக் கையில் என்ன இருக்கிறது?

நாலு வருடப் படிப்பில் இதற்கு ஒரு வகுப்புகூடக் கிடையாது என்பதையும் அந்தத் தாளின் அடியில் அவர் எழுதியிருந்தார். உண்மைதான்.

கடையில் நின்றவர்கள் கொண்டுவந்தது வேறு சரக்கு. ஓர் இயற்கை அங்காடியில் சிறுதானிய அலமாரி அருகே சனி, ஞாயிறு மாலைகளில் நின்று, வருகிறவர்கள் என்ன எடுக்கிறார்கள், எதைத் திருப்பி வைக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். பலன்களின் பட்டியலை யாரும் முழுதாகப் படிக்கவில்லை. பாக்கெட்டைத் திருப்பி விலை, தேதி பார்த்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் கடைப் பையனிடம் ஒரே கேள்வி: “இதுக்கு எவ்வளவு தண்ணி வைக்கணும்?” போன தடவை வாங்கியது குழைந்து கஞ்சியாகிவிட்டது, வீட்டில் யாரும் சாப்பிடவில்லை, மீதிப் பாக்கெட் வண்டு விழுந்து கிடக்கிறது என்று சொன்னவர்கள் பலர். பக்கத்து அலமாரியில் வெளுப்பாக இருந்த சாமையை எடுத்து, நம் குழுவின் பழுப்புச் சாமை பழசாகிவிட்டதோ என்று திருப்பி வைத்தவர்களும் இருந்தார்கள்.

இன்னொரு பேச்சும் நடந்தது. பெரியவர் ஒருவர் சாமைப் பாக்கெட் நான்கு வாங்கினார். சிறுதானியத்துக்கு மாறியதிலிருந்து சர்க்கரை மாத்திரையைப் பாதியாக்கிவிட்டதாக, யாரும் கேட்காமலே, பெருமையாகச் சொன்னார். டாக்டரிடம் கேட்டீர்களா என்று மாணவி கேட்டதற்குப் பாக்கெட்டைக் காட்டினார். சாமையும் மாவுச்சத்து தான். அளவு மீறினால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். இருவரும் அவரிடம் தங்களுக்குத் தெரிந்தவரை சொல்லி, மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டாராம்.

ஊசிப் படத்தை விடுவது பற்றி அதற்குப் பிறகு வகுப்பில் வாதம் நடக்கவில்லை. அபராதத் தொகையைக் கேட்டு அசையாத மாணவி, இதைச் சொல்லும்போது தன் படத்தைத் தானே சுருட்டி மேஜைக்கு அடியில் வைத்துவிட்டார்.

முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு எளிது: நோய் பற்றிய வாசகம் எதுவும் இல்லை. ‘உதவலாம்’, ‘துணை நிற்கும்’ என்று மழுப்புவதும் இல்லை. அப்படி மழுப்பி எழுதுவது விளம்பர உலகில் பழைய வித்தை. மாணவர்கள் அதைக் கற்றுக்கொள்ள நிறைய காலம் இருக்கிறது.

குழுவைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. தலைவி நேராகவே கேட்டார்.

“எல்லாப் பாக்கெட்லயும் போட்டிருக்காங்க தம்பி. நாம மட்டும் போடலைன்னா, இதுல ஒண்ணும் இல்லபோலன்னு நெனைச்சிட மாட்டாங்களா?”

“போட்டதை யாரும் படிக்கலக்கா. தண்ணி அளவுதான் கேக்குறாங்க.”

“அதைப் போயி யாராவது கேப்பாங்களா?” என்று அவர் சிரித்தாராம். மலையில் அது கேள்வியே இல்லை. கண்ணளவில் பானையில் ஊற்றுவார்கள். தயாரிப்பவருக்கு மூச்சு விடுவது போன்ற ஒரு விஷயம், வாங்குபவருக்குத் தடையாக இருக்கிறது. விளம்பரத் திட்டத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது என்று எனக்குப் பட்டது.

இரண்டாவது முடிவு, அந்தத் தண்ணீர் அளவையே தலைப்பு வாசகமாக்குவது. இங்கே ஒரு நிபந்தனை வைத்தோம்: நோய் வரிக்குக் கேட்ட ஆதாரத்தை இந்த வரிக்கும் கேட்போம். சட்டம் கேட்காது, ஆனால் அளவு தப்பாக இருந்தால் சோறு குழையும், பாக்கெட் மறுபடி வண்டுக்குப் போகும்.

விடுதிச் சமையலறையில் சோதனை நடந்தது. மாணவர்களுக்கு முதலில் பிடிபட்டது, சாமை என்று ஒரே பொருள் இல்லை என்பது. உமி நீக்கிய பிறகு எந்திரத்தில் மேலும் தீட்டினால் தவிடு போய் வெளுப்பாகும், சீக்கிரம் வேகும், பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும். தீட்டாவிட்டால் பழுப்பு, ஊறவைக்க வேண்டும், தண்ணீர் கூட வேண்டும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் சிக்கு வாடையும் வரும். கடையில் வாங்கிய வெளுத்த சாமைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் போதுமானதாக இருந்தது. குழுவின் சாமைக்கு அது பத்தவில்லை. நடுவில் நறுக்கென்று நின்றது. அரை மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் ஒன்றுக்கு இரண்டரை வைத்தபோது பூப்போல வந்தது. விடுதிச் சமையல்காரர் அவர் பங்குக்குப் பாத்திரத்தில் வேகவைத்துப் பார்த்து, ‘மூடி வச்சு வேகவிட்டா மூணு’ என்றார். ஆக வரிக்கு நிபந்தனை சேர்ந்தது: ‘ஊறவைத்து, குக்கரில்.’

பழுப்பு நிறத்துக்கும் இதே சோதனையில் விடை கிடைத்தது. நிறத்தை மறைக்க வேண்டாம், ‘தீட்டாத சாமை’ என்று பெயருக்கு முன்னாலேயே போட்டுவிடுவோம் என்று பையன் சொன்னார். குழு உண்மையிலேயே தீட்டுவதில்லை. அவர்களிடம் இருப்பது உமி நீக்கும் எந்திரம் மட்டும். இதை நிரூபிக்க ஆவணம் தேடி அலைய வேண்டியதில்லை, பாக்கெட்டில் உள்ளே தெரியும்படி ஒரு சன்னல் விட்டால் போதும்.

மூன்றாவது, நார்ச்சத்து. ‘நார்ச்சத்து மிகுந்தது’ என்று போடலாமே என்று கேட்டார்கள். விதிப்படி 100 கிராம் திட உணவில் 6 கிராம் நார்ச்சத்தாவது இருந்தால்தான் ‘மிகுந்தது’ என்று சொல்லலாம்; 3 கிராம் இருந்தால் ‘நார்ச்சத்து உள்ளது’ என்ற அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு அட்டவணையில் சாமைக்கு எண் இருக்கிறது. ஆனால் அது இந்தக் குழுவின் எந்திரத்தில் இருந்து வந்த சாமைக்கான எண் அல்ல. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்தபின் போடலாம் என்று அந்த வரியை நிறுத்தி வைத்தோம். சோதனைக் கட்டணத்துக்குத் திட்டத்தில் பணம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

நான்காவது, எங்கே வைப்பது. கடைப் போஸ்டர் என்றுதான் குழு கேட்டது. சத்துமாவுக்குத் தானியம் வறுத்து எடுத்துக்கொண்டு பெண்கள் போய் நிற்கும் இடம் மாவு மில். அங்கே கால் மணி நேரமாவது காத்திருப்பார்கள், எதிரே வெறும் சுவர். பையன் சொன்ன யோசனை இது. சுவரில் எழுதுவதற்கும் விதி உண்டு. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதற்கு எதிரான 1959-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். மில்லின் உட்சுவர் என்றாலும் வாங்கிவிடுங்கள் என்றோம். இரண்டு மில்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஒருவர் கூலியாக ஒரு கிலோ சாமை கேட்டார்.

வேலை நடந்த விதம்

ஸ்டிக்கர் வேலையில்தான் மாணவர்கள் அதிகம் முணுமுணுத்தார்கள். பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் போட்ட சைவக் குறியை மாணவி கண்ணில் படாத பின்பக்க மூலைக்குத் தள்ளியிருந்தார். அது முன்பக்கத்தில், பொருளின் பெயருக்கு அருகே இருக்க வேண்டும். உரிம எண் 14 இலக்கம், எடை, விலை, தேதி, முகவரி, ஊட்டச்சத்துப் பட்டியல் எல்லாம் வேண்டும். கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும், தமிழ் கூடுதலாக வரலாம் என்பது அவர்களுக்கு எரிச்சலான செய்தி. இருந்த இடத்தில் பாதி போய்விட்டது. கடைசியில் மாணவி ஒரு வழி கண்டார். கட்டாய விவரங்களை ஒளிப்பதற்குப் பதிலாக அவற்றைக் கட்டம் போட்ட ஒரு ரசீது போல அடுக்கி, அதையே வடிவமாக்கினார். அவர் வரைந்த சாமைக் கதிர் அந்த ரசீதின் ஓரத்தில் ஒற்றைக் கோட்டில் நின்றது. முன்பு அவர் வரைந்த ஒளிரும் கதிரை விட இது நல்ல படம் என்று நான் இன்றும் நினைக்கிறேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

மில் சுவரில் பையன் தன் அப்பா செய்வதைப் போலவே செய்தார். சுண்ணாம்பு அடித்த பரப்பில், நீலப்பொடியில் தோய்த்த நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். அந்தக் கோடுகளுக்கு நடுவில் கரிக்கட்டையால் எழுத்தை அளந்துவிட்டு எனாமல் பூசினார். முதல் சுவரில் ‘1 சாமை, 2½ தண்ணீர்’ என்று எழுதி, வாசலில் போய் நின்று பார்த்தார். தள்ளி நின்றால் அந்த ½ சரியாகத் தெரியவில்லை. மாவு அரைக்க வந்த ஒரு அம்மா ‘இருபத்தொண்ணா?’ என்று கேட்டார். உடனே அதை அழித்து ‘ஒன்றுக்கு இரண்டரை’ என்று எழுத்திலேயே எழுதினார். ஸ்டிக்கரிலும் அப்படியே மாறியது. திட்டத்தின் இறுதித் தலைப்பு வாசகம் அதுதான்: ‘ஒன்றுக்கு இரண்டரை.’ அடியில் சிறிதாக, தீட்டாத சாமை, அரை மணி ஊறவைத்து, குக்கரில்.

வீடியோ பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குழுத் தலைவியின் கை, ஒரு டம்ளர், ஒரு குக்கர், முப்பது வினாடி.

தொடர்ந்து நடந்தவை

இறுதி மதிப்பீட்டில் மூவருக்கும் நடுத்தர மதிப்பெண்தான் கிடைத்தது. வெளித் தேர்வாளர் முதல் வடிவத்தையும் கோப்பில் பார்த்துவிட்டு, “இவ்வளவு வலுவான காட்சியை விட்டுட்டு ஏன் சமையல் குறிப்புக்குப் போனீங்க?” என்று கேட்டார். சட்டத் தாளையும் கடைக் குறிப்புகளையும் மாணவர்கள் முன்னால் வைத்தார்கள். அவர் படித்தார், பாராட்டவும் செய்தார். ஆனால் மதிப்பெண் தாளில் இருந்த கட்டங்கள் நான்கு: கருத்து, காட்சி, எழுத்துரு, நேர்த்தி. ஆதாரம் தேடியதற்கு மதிப்பெண் போட அதில் இடமே இல்லை. தேர்வாளரை இதில் குறை சொல்ல முடியாது. விருதுப் போட்டிக்கு வேறொரு மாணவர் குழுவின் வேலை போனது.

குழு புது ஸ்டிக்கரைச் சிறிய அளவில் அச்சடித்தது. கையிருப்பில் இருந்த பழைய பாக்கெட்டுகளின் மீது அதையே ஒட்டி, ஒன்பது பலன்களும் மறைந்தன. ஓர் அங்காடி புது பாக்கெட்டை எடுக்க மறுத்தது. ‘சர்க்கரைக்கு எது நல்லதுன்னு கேட்டு வர்றவங்ககிட்ட நான் எதைக் காட்டுறது?’ என்பது கடைக்காரரின் வாதம். மற்ற இரண்டு கடைகள் தொடர்ந்தன. அவற்றில் ஒன்று சாமைக்கு மட்டுமின்றி எல்லாச் சிறுதானியத்துக்கும் தண்ணீர் அளவை அட்டையில் எழுதித் தொங்கவிட்டது. பண்டிகைக் காலமும் புது ஸ்டிக்கரும் ஒன்றாக வந்ததால், விற்பனையில் தெரிந்த ஏற்றத்தை விளம்பரத்தின் கணக்கில் எழுதவில்லை. தெளிவாக மாறியது ஒன்று: பாக்கெட்டில் இருக்கும் எண்ணுக்கு வரும் அழைப்புகளில் ‘எப்படிச் சமைக்கிறது’ குறைந்து, ‘எங்கே கிடைக்கும்’ கூடியது என்று தலைவி சொன்னார். கூடவே ஒரு புதுக் கேள்வியும் வந்தது. ‘வரகுக்கு எவ்வளவு?’

மூன்று மாணவர்களும் வெவ்வேறு வழியில் போனார்கள். கணினிக்காரருக்கு ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை கிடைத்தது. நேர்காணலில் போர்ட்ஃபோலியோவில் இருந்த வேலைகளைவிட அந்தச் சட்டத் தாளைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார்களாம். மாணவி முதல் வடிவத்தைத் தன் போர்ட்ஃபோலியோவில் வைத்திருக்கிறார். பக்கத்திலேயே ஏன் கைவிடப்பட்டது என்று ஒரு பத்தியும் எழுதியிருக்கிறார். பையன் கடைப் பலகை எழுதுகிறார். கையால் எழுதிய பலகையைக் காபிக் கடைகள் மறுபடி கேட்க ஆரம்பித்திருக்கின்றன. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறார்.

மாற்ற வேண்டியவை

வரிசை முதலில் மாற வேண்டும். எங்கள் திட்டத்தில் சட்டமும் கடையும் முதல் வடிவத்துக்குப் பிறகு வந்தன. ஒரு மாணவி நாட்கணக்கில் வரைந்த படத்தை மேஜைக்கு அடியில் வைக்க வேண்டி வந்தது அதனால்தான். அடுத்த ஆண்டு வகுப்பில் பென்சில் தொடும் முன்னரே கடையில் நிற்கிற வாரம் வந்துவிடுகிறது. வாடிக்கையாளர் தரும் ஒவ்வொரு கூற்றையும் ஒரு பக்கமும், அதற்கு என்ன ஆதாரம், யார் தந்தது என்பதை எதிர்ப் பக்கமும் எழுதும் நோட்டு ஒன்றும் கட்டாயம் ஆகியிருக்கிறது. எதிர்ப் பக்கம் காலியாக இருக்கும் கூற்றை லேஅவுட்டில் வைக்க முடியாது.

இதற்கு எதிர்க் கருத்தும் துறையில் இருக்கிறது. மாணவப் பருவத்தில் கற்பனைக்குக் கடிவாளம் போட வேண்டாம், சட்டம் பார்க்க நிறுவனங்களில் வக்கீல்கள் இருக்கிறார்கள் என்பார் ஒரு மூத்த ஆசிரியர். பெரிய நிறுவனத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு அது பொருந்தும். எங்கள் மாணவர்களில் பாதிப் பேர் சொந்த ஊரில் அச்சகத்துக்கும் ஸ்டிக்கர் கடைக்கும் டிசைன் செய்யப் போகிறார்கள். ஒன்பது பலன்கள் போட்ட அந்தப் பழைய ஸ்டிக்கரை வடிவமைத்தவரும் அப்படி ஒருவர்தான். அங்கே வக்கீல் யாரும் இல்லை.

எழுதுபவர் இல்லாத குறைக்குப் பக்கத்துக் கலைக் கல்லூரியின் தமிழ்த் துறையோடு பேசியிருக்கிறோம். ஒவ்வொரு குழுவுக்கும் தமிழ் படிக்கும் ஒருவர் முதல் நாளில் இருந்தே உடன் இருப்பார் என்பது ஏற்பாடு. முதல் பருவத்தில் அது சுமாராகத்தான் நடந்தது. வந்தவர்கள் எதுகை மோனையோடு எழுதினார்கள், நம்மவர்கள் அதையும் படம் போலக் கண்டு ஒரு மூலையில் வைத்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே மேஜையில் சண்டை போடப் பழக இன்னும் நாளாகும்.

மதிப்பெண் தாளில் ‘ஆதாரமும் களஆய்வும்’ என்று ஐந்தாவது கட்டம் சேர்க்கும் முன்மொழிவு பாடத்திட்டக் குழுவிடம் போயிருக்கிறது. நேர்த்திக்கான மதிப்பெண்ணில் இருந்து அதைப் பிரித்துத் தர வேண்டும் என்பதால் எதிர்ப்பு இருக்கிறது. ஆய்வகக் கட்டணத்துக்கு மட்டும் துறை நிதியில் ஒரு சிறு தொகை ஒதுக்கிவிட்டார்கள். ஜவ்வாது மலைக் குழுவின் இந்த அறுவடைச் சாமை அதில்தான் முதலில் சோதனைக்குப் போகிறது. 6 கிராமோ அதற்கு மேலோ வந்தால் ‘நார்ச்சத்து மிகுந்தது’ என்ற வரி அடுத்த அச்சில் சேரும். ஸ்டிக்கரில் அதற்கான இடத்தை மாணவி அப்போதே விட்டு வைத்திருந்தார்.